நாற்பது நாள் விதி

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வழக்கமான ரகளை. கரையோரத்தின் இரண்டு லட்சம் மின்சார மீட்டர்களும் ஒரே நிமிடத்தில் விழித்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டின. எந்தப் புண்ணியவான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தை வைத்தானோ, மின்சார அலுவலகத்தில் கேட்டால் அது அப்படித்தான் என்கிறார்கள்.

அம்மா இன்றும் கேட்டாள், நீ அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று. வாசல் காக்கிற வேலை என்றேன். பொய்யில்லை. ஒரு கருவி பேச வேண்டுமென்றால் மூன்று வழிதான். தரையில் கோபுரங்கள், கரைக்கு மேலே கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் பலூன், அதற்கும் மேலே செயற்கைக்கோள். யார் எந்த வழியாக உள்ளே வருவது, யார் வெளியே நிற்பது என்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. "சம்பளம் குடுத்து வாட்ச்மேன் வேலையா? அதுக்கா அவ்ளோ படிச்ச?" என்றாள்.

இன்றிலிருந்து என் விதி அமலுக்கு வந்தது. பழகிய கருவிகளின் பட்டியலில் இருந்தால் ஒரு தட்டு, உடனே உள்ளே. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். பட்டியலில் இல்லாவிட்டால் நீ யார், உன் சாவி எங்கே என்று விசாரித்துத்தான் விடுவோம். ஆனால் பட்டியலில் பாதி, செத்துப்போன மீட்டர்கள். ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்க, உயிரோடு இருப்பவை வெளியே நிற்கின்றன. அதனால் நாற்பது நாள் வாய் திறக்காத கருவியை நீக்கிவிடு, சாவியையும் அழித்துவிடு. இவ்வளவுதான் விதி. ஆறு வரி. எழுத ஒரு மதியம் ஆனது.

செப்டம்பர் 3, புதன்

தட்டுகிற நூறில் தொண்ணூற்றொன்றுதான் உள்ளே வருகிறது என்பது மேலாளரின் மூன்று வருஷத் தலைவலி. இன்று 96.4. மனிதர் குசலம் விசாரித்தாலும் எண்ணில்தான் விசாரிப்பார், அதனால் எங்களுக்குள் அவர் பெயர் சதவீதம். அவரே என் மேஜைக்கு வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார். வெளியே மழை கொட்டுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தோடு ஒரு ஃப்யூஸும் மேஜையில் விழுந்தது. எதனுடையது என்று எனக்குத் தெரியும். படகில் நாங்கள் கொடுத்திருக்கும் பெட்டியின் ஃப்யூஸ். படகு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். எல்லாப் படகிலும் கட்டாயம். அவனுடையதைப் பதிவு செய்ததே நான்தான்.

"நீயே பிடுங்கி வெச்சிருக்கியா?" என்றேன்.

"நான் மட்டுமா, துறைமுகத்துல பாதிப் பேரு. மீன் இருக்கிற எடத்த நான் தேடிக் கண்டுபிடிப்பேன், மறுநாள் போனப் பாத்துட்டு ஒட்டுப்புல்லு அங்க வந்து வலையப் போட்டுட்டு நிப்பான். நான் என்ன அவனுக்கு வழி காட்டவா கடலுக்குப் போறேன்?"

ஒட்டுப்புல் இன்னொரு படகுக்காரர். பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சு. கடலிலும் இவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தப் பெயர். இப்போது அவரும் தன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டாராம், வேறு யாரும் தன்னைப் பின்தொடரக் கூடாதென்று.

"ஆபத்து வந்தா என்ன பண்ணுவ?"

"ஃப்யூஸப் போடுவேன். அரை நிமிஷ வேலை."

நான் கத்தினேன். அவனும் கத்தினான். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நீ படகு ஓட்டாத" என்றான். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

98.7.

செப்டம்பர் 12, வெள்ளி

தலைமை அலுவலகக் கூட்டத்தில் என் விதியைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். முப்பத்தோராயிரம் கருவிகள் நீக்கப்பட்டிருக்கின்றன. மற்ற பகுதிகளிலும் கொண்டுவரப் போகிறார்களாம். கைதட்டினார்கள். கர்வமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லை என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

செப்டம்பர் 17, புதன்

தம்பி கடலுக்குப் போயிருக்கிறான், பத்து நாள். அவன் சொல்லவில்லை, அவன் மனைவி போன் செய்தாள். "இவரு கிளம்பி அரை மணி நேரத்துல ஒட்டுப்புல்லும் கிளம்பிட்டாரு அண்ணி. கூடப் பொறந்தவங்க மாதிரி" என்று சிரித்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் நீக்கிய கருவிகளை வகை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன், வெறும் அறிக்கைக்காக. மீட்டர், மீட்டர், மீட்டர், தெருவிளக்கு. கடைசியில் ஒரு சின்ன வரி. படகு: 46. துறைமுகத்தில் மொத்தம் அறுபத்து மூன்று பெட்டிகள்தான். பெயர்களைத் திறந்து பார்த்தேன். பதினான்காவது தம்பியுடையது. தொடர்பு எண் என்ற இடத்தில் என் எண்.

பேசாமல் இருப்பதுதானே அந்தப் பெட்டியின் வழக்கம். ஃப்யூஸ் சட்டைப்பையில் இருக்கும்போது அது நாற்பது நாள் என்ன, நானூறு நாள் பேசாது. இது மேலாளருக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்தில் கைதட்டினவர்களுக்குத் தெரியாது. அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் ஃப்யூஸ் மேஜையில் விழுந்தது. அப்போதுகூட விதி ஞாபகம் வரவில்லையே. அவன் தப்பைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேனா?

சாதாரண நாளென்றால் பரவாயில்லை. புதுக் கருவி என்று விசாரித்து நாலைந்து நிமிடத்தில் உள்ளே விட்டுவிடுவோம். புயல் என்றால் அப்படியில்லை. கோபுரங்களுக்கு மின்சாரம் போகும். பலூனை இறக்கிவிடுவார்கள். மிச்சம் செயற்கைக்கோள் ஒன்றுதான், அது ஒரு குறுகிய சந்து. அதனால் புயலில் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கதவு. மற்றவர்கள் எத்தனை முறை தட்டினாலும் 'அறியாத கருவி' என்று ஒரு வரி பதிவாகும், அவ்வளவுதான்.

தெற்கே காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது. புதன்கிழமை கரைக்கு வரலாம் என்கிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

விடுமுறை நாளில் மேலாளர் வீட்டுக்கே போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்.

"சரி, அந்த நாப்பத்தாறையும் திரும்ப லிஸ்ட்ல சேத்துருங்க."

"முடியாது சார். சாவிய அழிச்சாச்சு. பெட்டி ஒரு தடவையாவது தானா பேசினாத்தான் புதுச் சாவி குடுக்க முடியும். அது கடல்ல அணைஞ்சு கெடக்கு."

"அப்போ புயல் அன்னைக்கு எல்லாருக்கும் கதவத் திறந்து விடுங்க."

"திறந்தா மீட்டர் அத்தனையும் ஒண்ணா தட்டும். கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் ரெண்டு லட்சமும் தட்டும். தட்டுற சத்தத்துல எது படகு, எது மீட்டர்னு தெரியாது. ஆம்புலன்ஸுகூட உள்ள வர முடியாது."

ஒரே வழிதான் இருக்கிறது. மூன்று நாள் தட்டாதே என்று மீட்டர்களைத் தூங்க வைத்துவிட்டு, அதன் பிறகு கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கட்டளை என் திரையிலேயே இருக்கிறது. ஆனால் மீட்டர்கள் மின்சார அலுவலகத்தின் சொத்து. புயலில் எந்தத் தெருவில் மின்சாரம் இல்லை என்று அவர்கள் அறிவதே மீட்டரை வைத்துத்தான்.

"அவங்க கடிதம் குடுக்கட்டும், நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். நியாயம்தான். நியாயமாகவே இருந்தது, அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

துறைமுக அலுவலகத்தில் நாள் முழுவதும். நீக்கிய நாற்பத்தாறில் ஒன்பது படகு கடலில். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு படகு பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மூன்று எட்டாத தூரத்தில். அந்த மூன்றில் இரண்டு யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பி, ஒட்டுப்புல்.

மின்சார அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. பொறியாளரின் வீட்டு எண்ணைப் பிடித்துப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார் அந்த அம்மா. "நாளைக்குக் காலையில மொதல் வேலையா லெட்டர் அனுப்புறேன்" என்றார். புயல் வேகம் பிடித்துவிட்டது, புதன் இல்லை, நாளை மதியமே என்று ராத்திரிச் செய்தியில் சொல்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "நீதான வாசல்ல இருக்க, அவன் கூப்பிட்டா திறந்து விட்ற மாட்டியா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

காலை 9.20. பலூனை இறக்கிவிட்டார்கள். பலூன்காரர் போனில் கத்திப் பேசினார், காற்றில் பாதி கேட்கவில்லை. கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

10.05. புயல் கதவு தானாக மூடிக்கொண்டது. என் பட்டியல்தான் இப்போது சட்டம்.

11.15. மின்சார அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. அச்சடித்துக் கையில் வைத்திருக்கிறேன். மேலாளர் தலைமை அலுவலகத்தோடு கூட்டத்தில் இருக்கிறார். அறைக்கு வெளியே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

11.50. இன்னும் பத்து நிமிஷம் என்கிறார் உதவியாளர்.

12.20. இன்னும் பத்து நிமிஷமாம். கதவைத் தட்டலாமா? இந்தக் கூட்டத்தில் யாரும் குறுக்கே போனதில்லை. பத்து நாளைக்கு முன்னால்தானே உள்ளே உட்கார வைத்துக் கைதட்டினார்கள். எழுந்திரு. எழுந்திருடி.

12.44. எழுந்துவிட்டேன்.

மாலை. கையெழுத்தில்லாமல் நானே செய்தேன். மீட்டர்களைத் தூங்க வைக்க ஐந்து நிமிடம். 12.52-க்கு எல்லாருக்கும் கதவைத் திறந்தேன். சந்து காலியாக இருந்தது, ஒரு சத்தமில்லை. அந்த வெறும் திரையை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

1.09-க்கு ஒரு படகு. எட்டாத மூன்றில் ஒன்று, வேற்றூர்க்காரர்களுடையது. இருக்கும் இடம், ஆட்கள் நான்கு.

1.22-க்கு இன்னொன்று. சிவப்புப் பொத்தான். எண்ணைப் பார்த்தேன். அவன்தான். அவன்தான், அவன்தான். என் போன் அதிர்ந்தது, தொடர்பு எண் என்னுடையதாயிற்றே. 'உங்கள் படகு ஆபத்தில் உள்ளது' என்று எங்கள் எந்திரம் எனக்கே செய்தி அனுப்பியது.

கப்பல் அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுப்புல்லிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

வந்துட்டான்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்றுதான் எழுத முடிகிறது. தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. படகு போய்விட்டது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவன் வந்துட்டானா?"

வரவில்லை. படகு கவிழ்ந்து கிடப்பதை நேற்று ஹெலிகாப்டரில் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் போயிருந்தார்கள்.

"என் பின்னாடிதான் வந்துட்டு இருந்தான். பதினோரு மணிக்கு மேல மழையில பிரிஞ்சிட்டோம். அவன் படகு சின்னது" என்றான் தம்பி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 27, சனி

அனுமதியில்லாமல் மீட்டர்களைத் தொட்டதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கூடவே பாராட்டும். எட்டுப் பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார் மேலாளர். முதல்முறையாக சதவீதம் இல்லாமல் பேசினார்.

துறைமுகத்தில் அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது படகின் பெட்டி இயக்கப்படவே இல்லை என்று. பெட்டியை அணைத்து வைத்துச் செத்தான், மூன்று குடும்பத்தையும் கெடுத்தான் என்று கடைவாசலில் பேசிக்கொள்கிறார்களாம். தம்பி மனைவி சொன்னாள்.

அறிக்கையைத் தயாரித்தவர்கள் பட்டியலில் உள்ள கருவிகளின் பதிவைத்தான் பார்த்திருப்பார்கள். அறியாத கருவிகளின் பதிவை யார் பார்ப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் பிரிவில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நான் இன்னும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்.

செப்டம்பர் 29, திங்கள்

பார்க்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

அன்று மூடிய கதவில் லட்சக்கணக்கான தட்டல்கள். எல்லாம் கரையிலிருந்து, எல்லாம் மீட்டர். கடல் பக்கமிருந்து வந்தவற்றை மட்டும் பிரித்தேன். ஒரே ஒரு எண்தான் மிஞ்சியது. துறைமுகப் பதிவேட்டில் ஒப்பிட்டேன். அவருடைய பெட்டி.

முதல் தட்டல் 11.48. அறியாத கருவி. 11.51. அறியாத கருவி. மொத்தம் பதினொன்று. கடைசி 12.31. அதற்கு மேல் இல்லை. நான் கதவைத் திறந்தது 12.52.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். 11.50, இன்னும் பத்து நிமிஷம். 12.20, இன்னும் பத்து நிமிஷம். என் கையெழுத்துதான். ஐயோ, அந்த நாற்காலியிலதான உக்காந்திருந்தேன். என்ன பண்ணிட்டு இருந்தேன் அங்க? யாருக்குப் பயந்தேன்? பேப்பரக் கையில வெச்சுக்கிட்டு—

அக்டோபர் 3, வெள்ளி

மேலாளரிடம் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை, முகம் வெளுத்துப் போனது.

"இத யாரும் கேக்கல" என்றார்.

"ஆமா சார்."

"கேக்காததுக்கு எதுக்கு பதில் சொல்றீங்க? போனவங்க வரப் போறதில்ல. நீங்க எட்டுப் பேரக் காப்பாத்துனீங்க, அத மட்டும் நினைங்க. உங்க வேலையும் போகும், இந்தப் பிரிவும் போகும்."

"அவரு பெட்டியவே போடலன்னு எழுதி ஒட்டியிருக்காங்க சார்."

அந்தப் பதிவு தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும் என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதியதும் எங்கள் பிரிவுதான்.

அக்டோபர் 4, சனி

தம்பியிடம் சொன்னேன், எல்லாவற்றையும். விதி, பட்டியல், நாற்காலி. கத்துவான் என்று நினைத்தேன். "என்னோட பெட்டியும் அந்த லிஸ்ட்ல இல்லையா?" என்றான். இல்லை என்றேன்.

"அரை நிமிஷ வேலைன்னு நான்தான் அவனுக்கும் சொன்னேன்" என்றான்.

அக்டோபர் 8, புதன்

படகு விபத்தை விசாரிக்க அமைத்திருக்கும் குழுவிடம் பதிவை ஒப்படைத்தேன். கூடவே என் ஆறு வரி விதியையும். யாரும் குரலை உயர்த்தவில்லை. வெளியே வந்தபோது என் அடையாள அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. காவலாளிதான் திறந்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலை நாளில் இப்படிச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது.

அக்டோபர் 13, திங்கள்

தம்பியோடு ஒட்டுப்புல்லின் வீட்டுக்குப் போனேன். குழுவின் அறிக்கை வர மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் கடைவாசல் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்து, துவைத்த துணிகளை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதில் பாதி மறந்துவிட்டது.

"பெட்டிய அவரு போட்டாருங்க. நாங்கதான் உள்ள விடல."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"போட்டாரா?" என்றார். "போடவே இல்லன்னாங்களே."

"போட்டாரு. பதினொரு தடவ கூப்பிட்டிருக்காரு."

கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். இன்னொன்றை எடுத்து அதையும் மடித்தார். "எத்தன மணிக்கு?"

"மொதல் தடவ பதினொன்னு நாப்பத்தெட்டு. கடைசியா பன்னெண்டு முப்பத்தொண்ணு."

"முக்கா மணி நேரம்" என்றார். பிறகு தம்பியைப் பார்த்தார். "இவரு திமிர் புடிச்சு செத்துட்டாருன்னு எங்க மாமியாரே சொல்லிட்டாங்க. என் பொண்ணுகிட்டயும் அதத்தான் சொல்லி வெச்சிருக்கேன். அப்பா பேச்சுக் கேக்க மாட்டாரு, அதான் இப்படி ஆச்சுன்னு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அங்கே அழுவதற்கு எனக்கு என்ன உரிமை. ஆனாலும் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார். "எழுதிக் குடுங்க. அவரு கூப்பிட்ட நேரம் எல்லாத்தையும்."

பதினொரு நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எனக்கு மனப்பாடம். வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, நோட்டைத் திரும்ப என் முன்னால் வைத்தார்.

"கதவ மூடுனது யாருன்னும் எழுதுங்க."

எழுதினேன். என் முழுப் பெயர், அதன் கீழே கையெழுத்து, தேதி.